“ஏம்மா சொல்லக் கூடாது?” டீன் ஏஜ் பிள்ளைகளிடம் கருக்கலைப்பு, கருணைக்கொலை பற்றிப் பேசுவது எப்படி?

ஸ்கேன் சென்டரில் காத்திருக்கும்போது எல்லோர் கண்ணிலும் படும் போர்டு அது. கருவில் இருப்பது ஆணா, பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம் என்று எழுதியிருக்கும். பெரியவர்களுக்கு அது பார்த்துப் பழகிய போர்டு. சித்திக்குத் துணையாக வந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத்தான் சந்தேகம் வரும். “ஏம்மா சொல்லக் கூடாது? சொன்னா என்ன ஆகும்?”

“சும்மா இரு, அப்புறம் சொல்றேன்” என்பதுதான் பெரும்பாலான அம்மாக்களின் பதில். அந்த ‘அப்புறம்’ வருவதே இல்லை. அதற்குள் பிள்ளையின் கையில் இருக்கும் போன் பதில் சொல்லிவிடுகிறது. அபார்ஷன் மாத்திரையைப் பற்றி ஒரு ரீல்ஸ், வெளிநாட்டில் ஊசி போட்டு இறந்துபோக அனுமதி வாங்கிய ஒருவரைப் பற்றி ஒரு வீடியோ, அதன் கீழே ஆயிரம் சண்டை.

‘எந்த உயிரையும் நாமாக முடித்துவைக்கக் கூடாது’ என்று நம்பும் குடும்பங்கள் நம் ஊரில் நிறைய உண்டு. சிலருக்கு அது மத நம்பிக்கை. கத்தோலிக்கத் திருச்சபை கருக்கலைப்பையும் கருணைக்கொலையையும் வெளிப்படையாகவே எதிர்க்கிறது. சிலருக்கு அது அகிம்சை. சிலருக்கு, பாட்டி சொல்லி வளர்த்த ஒரு மனசு, அவ்வளவுதான். நம்பிக்கை இருக்கிறது, ஆனால் அதைப் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்பதில்தான் தடுமாறிப் போகிறார்கள். ஒன்று, பேசுவதே இல்லை. இல்லையென்றால், பயமுறுத்துகிறார்கள்.

உசிலம்பட்டியிலிருந்து தொடங்கலாம்

போர்டுக்கான பதில் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 1980-களில் உசிலம்பட்டி என்ற பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது ஒரே ஒரு காரணத்துக்காக. பெண் சிசுக்கொலை. ‘கள்ளிப்பால்’ என்ற சொல்லைக் கேட்டாலே இன்றைக்கும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் முகம் மாறும். பாரதிராஜாவின் ‘கருத்தம்மா’ 1994-ல் வந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1992-ல், சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். ‘வளர்க்க முடியவில்லையா, கொன்றுவிடாதீர்கள், இந்தத் தொட்டிலில் போட்டுவிடுங்கள்’ என்பதுதான் அதன் சாரம்.

பிறகு ஊர் ஊராக ஸ்கேன் மெஷின் வந்தது. பிறந்த பிறகு செய்ததைப் பிறப்பதற்கு முன்பே செய்ய வழி கிடைத்தது. அதைத் தடுக்கத்தான் 1994-ல் சட்டம் வந்தது, போர்டும் மாட்டப்பட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஆறு வயது வரையிலான 1,000 ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள்.

இந்தக் கதையை ஒரு டீன் ஏஜ் பெண்ணிடம் சொல்லிப் பாருங்கள். அவளுக்குக் கோபம் வரும். ‘பெண் என்பதால் ஓர் உயிர் வேண்டாமா?’ என்று கேட்பாள். அந்தக் கோபம்தான் பாடம் தொடங்கும் இடம். ‘பெண் என்பதால் வேண்டாம் என்பது தப்பு என்றால், ஊனம் என்பதால் வேண்டாம் என்பது?’ என்று அடுத்த கேள்வியை அவள் முன்னால் வைக்கலாம்.

இது லேசான கேள்வி இல்லை. கர்ப்பத்தின் 11-வது வாரத்திலிருந்து 14-வது வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனிலேயே டவுன் சிண்ட்ரோம் இருக்கலாமா என்று ஓரளவு கணிக்கிறார்கள். கருவுக்குக் கடுமையான குறைபாடு இருப்பதாக மெடிக்கல் போர்டு சொன்னால், 24 வாரத்துக்குப் பிறகும் கலைக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால், அதே டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பையன் பக்கத்து வீட்டில் இருப்பான். தெருவில் எல்லோர் பெயரையும் சொல்லிக் கூப்பிடுவான். ‘இவன் பிறந்திருக்கவே கூடாது’ என்று அவன் முகத்தைப் பார்த்து யாராவது சொல்வார்களா? உயிரின் பக்கம் நிற்பவர்களின் வாதம் இதில் வலுவாகவே இருக்கிறது. ஆனால், அந்தப் பையனின் அம்மா பத்து வருடமாக வேலைக்குப் போக முடியாமல் இருப்பதையும் அதே பிள்ளை பார்க்க வேண்டும். அந்த அம்மாவுக்கு ஒரு மணி நேரம் ஓய்வு கொடுக்க நம் வீட்டிலிருந்து யாராவது போனதுண்டா என்று பிள்ளை திருப்பிக் கேட்டால், பெரியவர்களிடம் பதில் இருக்க வேண்டும்.

பயமுறுத்தும் வீடியோ வேண்டாம்

நன்னெறி வகுப்பு, கூட்டம் என்ற பெயரில் கருக்கலைப்புப் படங்களைத் திரையில் போட்டுக் காட்டும் வழக்கம் உலகில் பல இடங்களிலும் உண்டு. 1984-ல் அமெரிக்காவில் வந்த ‘தி சைலன்ட் ஸ்க்ரீம்’ குறும்படம் அதில் பிரபலம். 12 வாரக் கரு வலியில் அலறுவதாக அந்தப் படம் சொன்னதை அப்போதே மருத்துவர்கள் பலர் மறுத்தார்கள். இப்படிப்பட்ட வீடியோவைக் காட்டி, அது சரியில்லை என்று பிள்ளை கூகுளில் கண்டுபிடித்துவிட்டால், அடுத்து நீங்கள் சொல்லும் உண்மையையும் நம்ப மாட்டான்.

இன்னொன்று, நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் யாரோ ஒருவரின் அம்மா கருக்கலைப்பு செய்துகொண்டவராக இருப்பார். அக்காவாக இருக்கலாம். அந்த அறையில் ‘கொலைகாரி’ என்ற சொல் விழுந்தால், அது போய்ச் சேரும் இடம் அந்தப் பிள்ளைதான். உயிரை மதிக்கக் கற்றுக்கொடுக்க வந்தவர்கள் முதலில் கைவிட வேண்டிய சொல் அது.

சட்டத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும்

‘நம் வீட்டில் இது தப்பு’ என்று சொல்வதோடு நிறுத்திக்கொண்டால் போதாது. இந்தியாவில் கருக்கலைப்புச் சட்டம் 1971-ல் வந்தது. 2021-ல் திருத்தப்பட்டது. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் ஒப்புதல் போதும். 20 முதல் 24 வாரம் வரை குறிப்பிட்ட சில பிரிவினருக்கு இரண்டு டாக்டர்களின் ஒப்புதல் தேவை. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களும் 18 வயது நிரம்பாதவர்களும் இந்தப் பிரிவில் வருகிறார்கள். திருமணமாகாத பெண்களுக்கும் 24 வாரம் வரை இந்த உரிமை உண்டு என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தாயின் உயிரைக் காப்பாற்ற உடனடித் தேவை என்றால் வாரக் கணக்கே கிடையாது.

வகுப்பில் விவாதிக்க ஒரு வழக்கு வேண்டுமென்றால், 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்ததை எடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகளுக்குத் தாய். பிரசவத்துக்குப் பிறகு வந்த மனநோய்க்குச் சிகிச்சையில் இருந்தார். மூன்றாவது முறை கர்ப்பமானது தாமதமாகத்தான் தெரிந்தது. 26 வாரம். கலைக்க முதலில் அனுமதித்தது நீதிமன்றம். உடனே எய்ம்ஸ் மருத்துவர்களிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. குழந்தை வெளியே வந்தால் உயிர் பிழைக்க வாய்ப்பு இருக்கிறது. இதயத் துடிப்பை நிறுத்திவிட்டு எடுக்கச் சொல்கிறீர்களா?

வழக்கை மறுபடியும் கேட்ட அமர்வில் இருந்த இருவருமே பெண் நீதிபதிகள். ஹிமா கோலி இனி அனுமதிக்க முடியாது என்றார். பி.வி.நாகரத்னா அந்தப் பெண்ணின் முடிவை மதிக்க வேண்டும் என்றார். கடைசியில் மூன்று நீதிபதிகள் அமர்வு அக்டோபர் 16 அன்று அனுமதி மறுத்தது. பிரசவச் செலவு அரசுடையது, குழந்தையைத் தத்துக் கொடுப்பதா என்பது பெற்றோரின் முடிவு என்றது.

உயிரின் பக்கம் நிற்கும் ஆசிரியர் இந்தத் தீர்ப்பைக் கொண்டாடிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடக் கூடாது. அந்தப் பெண்ணின் மனநோய்க்கு யார் பொறுப்பு, ஏற்கெனவே இருக்கும் இரண்டு குழந்தைகளை யார் பார்ப்பது என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும்.

சவிதாவை மறைக்காதீர்கள்

இந்த நிலைப்பாட்டில் இருப்பவர்கள் சங்கடத்தோடு கடந்துபோகும் பெயர் ஒன்று உண்டு. கர்நாடகத்தைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹாலப்பனாவர். வயது 31. 2012 அக்டோபரில் அயர்லாந்தின் கால்வே நகர மருத்துவமனையில் 17 வாரக் கர்ப்பத்தோடு சேர்ந்தார். கரு கலையத் தொடங்கிவிட்டது, காப்பாற்ற வழியில்லை என்று தெரிந்துவிட்டது. ஆனாலும், கருவின் இதயம் துடிக்கும் வரை கலைக்க முடியாது என்று மறுத்துவிட்டார்கள். கிருமித்தொற்று ரத்தத்தில் பரவி, அக்டோபர் 28 அன்று இறந்துபோனார். அவருடைய மரணம் அயர்லாந்தை உலுக்கியது. 2018 மே மாதப் பொது வாக்கெடுப்பில் 66 சதவிகிதத்துக்கும் மேற்பட்டோர் கருக்கலைப்புத் தடையை நீக்க வாக்களித்தார்கள்.

இதைச் சொல்லாமல் விட்டால் பாடம் பொய்யாகிவிடும். இரண்டு உயிரையும் மதிக்கிறோம் என்று சொல்பவர்களுக்கு அந்த ‘இரண்டில்’ தாயும் ஒன்று என்பதை நினைவில் வைத்துக்கொள்ள சவிதாவின் பெயர் தேவை. கருக்குழாயில் கரு தங்கிவிட்டால் சிகிச்சை செய்யாமல் தாயைக் காப்பாற்ற முடியாது. கருக்கலைப்பைக் கடுமையாக எதிர்க்கும் பலரும் இதை ஏற்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

நாய்க்கு ஊசி போடுறாங்களே?

கருக்கலைப்பைவிடக் கருணைக்கொலையில்தான் பிள்ளைகள் அதிகம் மடக்குவார்கள். “நம்ம டாமிக்கு வலி தாங்க முடியலைனு டாக்டர் ஊசி போட்டாரே, தாத்தாவுக்கு ஏன் போடக் கூடாது?”

காந்திக்கே இந்தக் கேள்வி வந்தது. 1928-ல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி பிழைக்க வழியில்லாமல் துடித்துக்கொண்டிருந்தது. மருத்துவரை அழைத்து ஊசி போடச் சொன்னார். அகிம்சை பேசுபவர் கன்றைக் கொன்றுவிட்டார் என்று நாடெங்கும் இருந்து கண்டனக் கடிதங்கள் குவிந்தன. அவர் பின்வாங்கவில்லை.

அப்படியென்றால் மனிதருக்கு? கன்றுக்கும் தாத்தாவுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ‘நான் இவர்களுக்குப் பாரமாகிவிட்டேனோ’ என்று கன்றுக்குட்டி நினைக்காது. தாத்தா நினைப்பார். அமெரிக்காவின் ஓரிகன் மாகாணத்தில் 1997 முதல் டாக்டரின் உதவியோடு உயிரை முடித்துக்கொள்ளச் சட்டம் இருக்கிறது. அங்கே வருடாவருடம் வெளியாகும் அரசு அறிக்கைகளில் ‘வலி’ முதல் காரணமாக வருவதில்லை. தன் வேலையைத் தானே செய்துகொள்ள முடியாமல் போவது, பிறருக்குச் சுமையாவது போன்றவைதான் வலியைவிட அதிகமாகச் சொல்லப்படுகின்றன. வலிக்கு மருந்து உண்டு. ‘சுமை’ என்ற எண்ணத்துக்கு வீட்டில் உள்ளவர்கள்தான் மருந்து.

அந்த எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. விருதுநகர், மதுரைப் பக்கம் ‘தலைக்கூத்தல்’ என்றால் பெரியவர்களுக்குத் தெரியும். படுத்த படுக்கையான முதியவரை, எண்ணெய்க் குளியலில் தொடங்கும் ஒரு சடங்கு போல, குடும்பமே சேர்ந்து அனுப்பிவைப்பது. சட்டப்படி அது கொலைதான். பிரியா கிருஷ்ணசாமி இயக்கி, தமிழின் சிறந்த படத்துக்கான தேசிய விருது பெற்ற படம் இதைப் பற்றியதுதான். படத்தின் பெயரே ‘பாரம்’. கொஞ்சம் கனமான படம். பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க மதுமிதாவின் ‘கேடி (எ) கருப்புதுரை’ பொருத்தமாக இருக்கும். மாதக்கணக்கில் நினைவில்லாமல் கிடந்த பெரியவர் கண் விழிக்கும்போது, பிள்ளைகள் தன்னை முடித்துவிடப் பேசிக்கொண்டிருப்பது காதில் விழுகிறது. வீட்டைவிட்டு ஓடுகிறார். வழியில் குட்டி என்ற சிறுவனோடு சேர்கிறார். அப்புறம் பிரியாணியும் ஆசைப் பட்டியலுமாகப் போகும் கதை. படம் முடிந்ததும் பாடம் நடத்த வேண்டாம், பிள்ளையே பேசும்.

42 வருடம், ஒரு கட்டில்

இந்த விஷயத்தில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை ஒன்றே ஒன்று என்றால், அது அருணா ஷான்பாக் கதை.

மும்பை கே.இ.எம் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர். 1973 நவம்பர் 27 இரவு அங்கே வேலை பார்த்த ஊழியர் ஒருவர் அவரைத் தாக்கிப் பாலியல் வன்முறை செய்தார். நாய்ச் சங்கிலியால் கழுத்து இறுக்கப்பட்டதில் மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் பார்வை, பேச்சு, நடமாட்டம் எல்லாம் போயின. அன்றைக்குப் படுத்தவர் அதே மருத்துவமனையின் ஒரு வார்டில் கிட்டத்தட்ட 42 வருடம் இருந்தார். எழுத்தாளர் பிங்கி விரானி, அருணாவை நிம்மதியாகப் போகவிடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் போனார். அவருடைய வாதத்திலும் இரக்கம்தான் இருந்தது. இதைப் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது.

ஆனால், நர்ஸுகள் மறுத்தார்கள். அருணா விழுந்த அன்று பிறக்காதவர்கள்கூட அவர்களில் இருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஷிப்ட் போட்டுக் குளிப்பாட்டினார்கள், மசித்த உணவை ஊட்டினார்கள், புரட்டிப் படுக்கவைத்தார்கள். இத்தனை வருடத்தில் படுக்கைப்புண் வரவிடவில்லை. வீட்டில் ஒரு மாதம் படுத்த பெரியவரைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம், அருணாவுக்காகப் பேசும் உரிமை அந்த நர்ஸுகளுக்கே என்றது. மருத்துவமனையில் இனிப்பு கொடுத்துக் கொண்டாடினார்கள். 2015 மே 18 அன்று நிமோனியாவில் அருணா இறந்தபோது ஒரு குடும்பம் செய்யும் அத்தனையையும் மருத்துவமனையே செய்தது.

வென்டிலேட்டரை எடுப்பது கொலையா?

அதே 2011 தீர்ப்புதான், மீள வழியில்லாத நோயாளிக்குச் செயற்கை உயிர்காப்பை விலக்க இந்தியாவில் முதல் கதவைத் திறந்தது என்பது வேடிக்கை. 2018-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை உறுதிசெய்தது. ‘எனக்கு இப்படி ஆனால் மெஷினில் போட வேண்டாம்’ என்று முன்கூட்டியே எழுதிவைக்கவும் அனுமதித்தது. 2023-ல் நடைமுறை எளிதாக்கப்பட்டது. ஊசி போட்டு உயிரை எடுப்பது இன்றைக்கும் குற்றம்தான்.

இங்கேதான் பல வீடுகளில் குழப்பம். ஐ.சி.யூ-வில் இருக்கும் தாத்தாவைப் பற்றி டாக்டர் அப்பாவைத் தனியாக அழைத்து, “இனிமே வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க” என்கிறார். அப்பா கையெழுத்துப் போடுகிறார். ‘அப்பாதான் தாத்தாவைக் கொன்றுவிட்டாரோ’ என்று ஒரு பிள்ளை மனதுக்குள் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் வாடலாம். யாரும் விளக்குவதில்லை.

விளக்க வேண்டும். பலன் தராத சிகிச்சையை நிறுத்துவதும் உயிரை எடுப்பதும் ஒன்றில்லை. கருணைக்கொலையை மிகக் கடுமையாக எதிர்க்கும் கத்தோலிக்கத் திருச்சபைகூட, அளவுக்கு மீறிய சிகிச்சையை மறுப்பதைப் பாவம் என்று சொல்வதில்லை. நோய் அதன் வழியில் உயிரைக் கொண்டுபோவது வேறு. நாம் போய் முடிப்பது வேறு. சிகிச்சையை நிறுத்தினாலும் வாயை நனைப்பது, வலிக்கு மருந்து கொடுப்பது, கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவது எதுவும் நிற்பதில்லை.

கேரளாவில் இதை ஊர்க்காரர்களின் வேலையாகவே மாற்றிக் காட்டியிருக்கிறார்கள். 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் தொடங்கிய வலிநிவாரணச் சேவை, பின்னர் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போகும் அமைப்பாக வளர்ந்தது. 2008-ல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பார்க்கும் வலிநிவாரணச் சிகிச்சையும், பிசியோதெரபியும் உண்டு. ஒரு விடுமுறை நாளில் தாத்தாவுக்கு ஷேவிங் செய்துவிடும் வேலையைப் பேரனிடம் கொடுத்துப் பாருங்கள். முதல் நாள் முகம் சுளிப்பான்.

அவளே வந்து சொன்னால்?

எல்லாப் பேச்சுக்கும் பரீட்சை வரும் நாள் ஒன்று உண்டு. “அம்மா, எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு” என்று மகள் சொல்லும் நாள்.

‘உயிர் புனிதம்’ என்று வருடக்கணக்கில் கேட்டு வளர்ந்த பெண், ‘வீட்டுக்குத் தெரிந்தால் கொன்றே போட்டுவிடுவார்கள்’ என்று பயந்தால் என்ன செய்வாள்? யார் மூலமோ மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி, எத்தனை வாரம் என்றுகூடத் தெரியாமல் விழுங்குவாள். ரத்தப்போக்கு நிற்காமல் உயிருக்கே ஆபத்தாகலாம். அல்லது தன் உயிரையே மாய்த்துக்கொள்ள நினைப்பாள். கருவைக் காப்பாற்றச் சொல்லிக் கொடுத்த வீட்டில் மகளையே இழக்கும் நிலை அது. அதனால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் பிள்ளை காதில் விழ வேண்டியது இதுதான்: “என்ன ஆனாலும் முதல்ல என்கிட்ட வா. அடிக்க மாட்டேன்.” மகனிடமும் சொல்ல வேண்டும். ஒரு பெண்ணை அந்த நிலையில் விட்டுவிட்டு ஓடக் கூடாது என்பதும் இந்தப் பாடத்தில் சேர்ந்ததுதான். அதை யாரும் நடத்துவதில்லை.

18 வயதுக்குக் கீழே என்றால் அது போக்சோ சட்டத்தின் கீழ் வரும். கருக்கலைப்புக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் எழுத்துபூர்வமான சம்மதம் தேவை. அந்தப் பெண்ணின் பெயர், அடையாளத்தைப் போலீஸிடம் டாக்டர் வெளியிடத் தேவையில்லை என்று 2022 தீர்ப்பு சொல்கிறது. குழந்தையைப் பெற்றுக்கொள்வது என்று முடிவெடுத்து, வளர்க்க இயலாது என்றால், மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் சட்டப்படி ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற இரண்டு மாத அவகாசம் உண்டு. குப்பைத்தொட்டியிலோ, முள்புதரிலோ விட வேண்டிய அவசியமே இல்லை.

குழந்தைகளுக்கான உதவி எண் 1098. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனைக்கு 104. மூன்றும் கட்டணமில்லா எண்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைக்கலாம், யாருக்காக என்று சொல்லத் தேவையில்லை.